மாமி என்னும் விசேட கவர்ச்சி

இங்கிலீஷ் தெரியாதவர்கள் நாலு பேரிடம் கேட்டு எழுதுவார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் அகராதியைப் பார்த்து எழுதுவார்கள். நான் இரண்டாவது ரகம்.

கல்யாணம் முடித்து வவுனியாவிலிருந்து ஜெயபுரத்துக்கு வந்த புதிது. என் கணவரின் தாய், அதாவது மாமி இராசமலர், மாதர் சங்கத் தலைவி. சங்கம் வைக்கிற உணவுச் சந்தைக்குச் சனம் வந்தால் மா அரைக்கிற மில் ஒன்று தருவதாக ஒரு நிறுவனம் சொல்லியிருந்தது. மாமி அந்த மில்லுக்குத் தவம் கிடந்தார். முந்தின சந்தைக்கு வந்தது இரண்டு பேர். அதில் ஒன்று ஆடு.

இந்த முறை நிறுவனம் இங்கிலீஷில் நோட்டீஸ் அனுப்பியது. மாமி பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவதுதான் 'ஸ்பெஷல் அட்ராக்‌ஷன்' என்றிருந்தது. தமிழாக்கத்தான் படித்த மருமகள் இருக்கிறாளே! அகராதியில் 'ஈர்ப்பு, கவர்ச்சி' என்று போட்டிருந்தது. ஈர்ப்பு விஞ்ஞானப் பாடச் சொல் (அதோட எனக்குப் பழைய கோவம்). ஆகவே, "விசேட கவர்ச்சி: திருமதி இராசமலர்" என்று எழுதினேன். இடம் போதாமல் கூழை விட்டுவிட்டேன்.

சந்தையன்று காலை ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அதை ஊரெல்லாம் வாசித்தார்கள். குசினியில் கூழுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது. சினிமாவில் அரைகுறை உடுப்போடு ஆடுகிறவைக்குத்தான் கவர்ச்சி என்று பேர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கணவர் சிரிப்பை அடக்கக் கிணற்றடிக்கு ஓடினார்.

"நான் வரேல்லை. எந்த முகத்தோட போறது?" என்றார் மாமி.

மாமி இல்லாவிட்டால் கூழ் இல்லை. கூழ் இல்லாவிட்டால் மில் இல்லை. நான் அழுது மன்றாடினேன். அவர் அசையவில்லை. அந்த நேரம் சங்கத்துப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். பூநகரிப் பக்கமிருந்தெல்லாம் பெடியள் மோட்டார்சைக்கிளில் வந்து நிற்கிறாங்களாம், சந்தையில் கால் வைக்க இடமில்லையாம்.

மாமி மிச்ச மீனையும் வெட்டி முடித்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுப் பட்டுச்சேலையை எடுத்தார்.

பெரிய பானைக்குப் பின்னால் அகப்பையோடு நின்ற மாமியைக் கண்டதும் சனம் கப்சிப். மாமி மைக்கை வாங்கினார்.

"கவர்ச்சியைப் பாக்க வந்தவை எல்லாரும் ஆளுக்கொரு கோப்பை கூழ் குடிச்சிட்டுத்தான் போகோணும்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை. பானை வழித்துத் துடைத்தது போலாயிற்று. மில்லும் வந்தது.

மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டால் முன்பெல்லாம் லேசில் வரமாட்டார். இப்போது மாமி குசினியிலிருந்தபடியே, "பிள்ளை, கவர்ச்சி கூப்பிடுது எண்டு சொல்லு" என்பார். எழுபது வயது மனுஷன், செருப்பைக்கூடத் தேடாமல் வந்துவிடுகிறார்.