துள்ளிய பச்சைத் தண்ணீர்

உயிரியல் பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில்தான் கிடப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் உலகம் தெரியாதவர். அந்த ஆண்டு கூட்டமெல்லாம் பக்கத்துப் பழைய சாமான் அறை வாசலில். செயற்கைத் தோல் வளர்க்கும் குழு, பால் கெட்டதைக் காட்டும் காகிதம் செய்யும் குழு, நெகிழியைத் தின்னும் கிருமி வளர்க்கும் குழு, எல்லோரும் குடுவையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

உள்ளே, உள்ளங்கை அதிர்வால் குடுவையில் உயிரை வளர்ப்பதாகச் சொல்லும் துடிப்பு ஐயா. முன்பு கல்லூரிகளுக்குக் கண்ணாடிச் சாமான் விற்றவர். கண்ணாடி உடையும், திரும்பி வரும், சண்டை வரும். அதிர்வு உடையுமா? நல்ல சரக்காகப் பார்த்துத் தொழிலை மாற்றிக்கொண்டார்.

கட்டணம் முதலில் பைக்குள் போகும். பிறகு உள்ளங்கை குடுவை மேல் வரும்.

"உயிர் துடிக்குது! என் அதிர்வு சுவரையே தாண்டும், கண்ணாடி எம்மாத்திரம்? கையை நல்லாக் கழுவிட்டுத் தொடு. நான் சொல்ற வரைக்கும் மூடியைத் திறக்காதே. ஜன்னல் பக்கம் வை. போ!"

கழுவினார்கள். திறக்கவில்லை. ஜன்னலில் வைத்தார்கள். வளர்ந்தது! துறைத் தலைவரே தன் மேசைச் செடியை ஆள் மூலம் அனுப்பிவைத்தார். படித்தவர் அல்லவா, நேரில் வர வெட்கம்.

வரிசையில் சேராதது சாயக் கழிவைத் தின்னும் பாசி வளர்க்கும் குழு. அதில் இரண்டே பேர். ஒருத்திக்குப் பட்டப்பெயர் கேள்விக்குறி. கூட இருந்தவனுக்கு நடுக்கம் என்று பட்டப்பெயர். ஏற்கெனவே இரண்டு குடுவை அழுகிவிட்டன. இதுவும் செத்தால் பட்டம் கிடையாது, இன்னொரு வருடம் இதே பெஞ்சு.

"ஐயாகிட்ட கொண்டு போயிடலாம்டி."

"மத்தவங்க குடுவையில அவர் கை படாதது ஒண்ணாவது இருக்காடா?"

"எவனுக்குத் துணிச்சல் வரும்?"

"அப்ப அவராலதான் வளருதுன்னு எப்படித் தெரியும்?"

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைத் தொடாமல் வை என்பது முதலாண்டுத் தேர்வில் எல்லோரும் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை. மதிப்பெண் வாங்கியாயிற்று, அப்புறம் அதை எதற்குச் சுமப்பது?

"நம்ம குடுவை அவர்கிட்டப் போகாது," என்றாள் கேள்விக்குறி. "கை கழுவுவேன், திறக்க மாட்டேன், ஜன்னல்ல வைப்பேன். செத்தா பழி என் தலைமேல. வருஷம் எனக்கு மட்டும் போகட்டும், போதுமா?"

குடுவைகளுக்கு மதிப்பெண் போடும் கண்காட்சி நாள். நடுவர்களுக்குப் பக்கத்தில் ஐயாவுக்கும் மெத்தை நாற்காலி. கேள்விக்குறி அலுமினியத் தாள் சுற்றிய மூன்று குடுவைகளை அவர் முன் வைத்தாள்.

"ஐயா, இதுல எது நல்லா வளர்ந்திருக்குன்னு சொல்லுங்க. உங்க பெருமை நடுவர்களுக்கும் தெரியட்டும்."

பெருமை என்றதும் உள்ளங்கை தானாக நீண்டது.

"இது சுமார். இது சவலைப் பிள்ளை. இது... அடடா, துள்ளுது!"

கைதட்டல் ஓய்ந்ததும் தாள்களைக் கிழித்தாள். மூன்றிலும் பச்சை. துள்ளியதை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

"ஐயையோ!" என்றான் நடுக்கம்.

"கேக்குக்குப் போடற பச்சைச் சாயம்டா. மூணும் பைப்புத் தண்ணி. இதுல எதுங்க ஐயா துள்ளுச்சு?"

"தாள்... தாள் அதிர்வை மறைச்சிடுச்சும்மா."

"சுவரைத் தாண்டற அதிர்வு, சாப்பாடு சுத்தற தாள்கிட்ட தோத்துப்போச்சா?"

பிறகு ஜன்னலோரத்திலிருந்து தன் குடுவையைக் கொண்டுவந்தாள். மை போலிருந்த கழிவு நீர் தெளிந்து, அடியில் பாசி அடர்ந்து கிடந்தது.

"இதை எந்த உள்ளங்கையும் தொடலை. முந்தின ரெண்டையும் நாங்கதான் கொன்னோம். வடை தின்ன கையோட அடிக்கடி திறந்து எட்டிப் பார்த்தோம். ஐயா வித்தது ஆய்வுக்கூடத்தோட முதல் நாள் பாடம். உள்ளங்கை அதுக்குச் சுத்தின காகிதம்."

நடுவர்கள் தேர்ச்சி என்று எழுதினார்கள். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது ஐயா இல்லை. பையும் இல்லை. அதில் மட்டும் மனிதருக்கு மறதியே கிடையாது.

நடுக்கம் மெல்லக் காதைக் கடித்தான். "ஒருவேளை பக்கத்து அறையிலிருந்து அவர் அதிர்வு சுவரைத் தாண்டி வந்து நம்ம பாசியை வளர்த்திருக்குமோ?"

"சும்மாவே வருதுன்னா, அத்தனை பேரும் காசைக் கொடுத்துட்டு வரிசையில ஏண்டா நின்னாங்க?"

குடுவையை மூடியே வையுங்கள், நல்லது. அதே பழக்கத்தில் மூளையையும் மூடி வைத்தால், அடுத்த உள்ளங்கை உங்கள் தலைமேல்தான்.