கோடு தெரியாத சுவர்

தென்காசி,
28.5.1961

மரியாதைக்குரிய சிவனணைந்தபெருமாள் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் குழல்வாய்மொழி வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். மேட்டூரில் நீங்களும் உங்கள் தொழிற்சாலைத் தொட்டிகளும் சுகந்தானே?

மாமா, தொட்டியில் மூன்று விதமாகக் கலக்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்கு அன்றே பிடிபட்டுவிட்டது! எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டுக் கலக்கி மொத்தமாக எடுப்பது தொகுதி முறை. வெள்ளையடிக்கிற அப்பா ட்ரம்மில் அதைத்தான் செய்கிறார். தண்ணீரில் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டு, பொங்காமல் கிண்டி, கடைசியில் எடுப்பது அரைத்தொடர் முறை. அதையும் பெயர் தெரியாமலே இருபது வருஷமாகச் செய்கிறார்! மேலே விட்டுக்கொண்டே கீழே எடுத்துக்கொண்டே இருக்கும் தொடர் முறைதான் பாக்கி. குற்றாலத்தில் சிவசைலம் அண்ணாச்சியின் விடுதிக்கு நீலம் அடிக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. போன வருஷம் ட்ரம்முக்கு ஒரு நீலமாகிச் சுவரெல்லாம் கோடு விழுந்ததால், "இந்தத் தடவ ஒரு கோடு தெரியக்கூடாது பிச்சையா" என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொடர் முறையில் கோடே விழாது என்று நான் சாதித்தேன். "விழலேன்னா உன்னக் காலேஜுல பி.யு.சி. சேக்குதேன். விழுந்தா வீட்டுல இரிட்டி" என்றார் அப்பா.

சாரத்தின் மேல் இரண்டு ட்ரம், ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் நீலம்; இரண்டும் கீழே உள்ள ட்ரம்மில் ஒழுக, அப்பாவின் கையாள் இசக்கிப்பாண்டி அண்ணன் மூங்கிலால் கலக்க, அடியில் குழாய் வழியாக வாளி நிரம்பியது! "தாயி, வெத்தில போட எப்பம் நிறுத்தலாம்?" என்றார். தொடர் முறையில் நிறுத்தக்கூடாது என்றேன். "அப்பம் நீயே மடிச்சு வாயில வை" என்றார், வைத்தேன். ஆனால் கீழ் ட்ரம்மில் முதலில் வெறும் சுண்ணாம்பை நிரப்பியிருந்தேன். அதனால் சுவர் வெள்ளையில் தொடங்கி மெல்ல மெல்ல நீலமானது. நல்ல நீலம் வந்த நிமிஷத்தில் ஒரு குரங்கு, வாசற்படிக்கு வைத்திருந்த கெட்டிக் காவிக் கலயத்தைக் கீழ் ட்ரம்முக்குள் தள்ளிவிட்டது! "கொட்டிட்டு வேற கலக்குட்டி!" என்று அப்பா கத்தினார். கொட்டினால் அது தொகுதி முறை ஆகிவிடாதா மாமா? ஒரு ட்ரம் அளவு வெளியேறினாலும் காவியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளேயே தங்கும், நிறம் மெல்லத்தான் வெளிறும், கோடு விழாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை. காவி கரையக் கரையச் சுவர் மெல்லக் கத்தரிப்பூ நிறமாகி, மெதுவாக வெளிறி, கடைசி ஜன்னலில் மறுபடி நீலமானது.

அண்ணாச்சி வந்தார். "ஏலே, என்னலே இது?" என்று சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு மூன்று தடவை நடந்தார். அப்பா மெதுவாக, "கோடு தெரியுதா அண்ணாச்சி?" என்றார். "தெரியலேயே! அதான் எங்கன பிடிச்சு ஏசுததுன்னு தெரியல" என்று போய்விட்டார். அப்பா அங்கேயே, நீங்கள் அனுப்பிய பி.யு.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்!

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் தொட்டிகளை விசாரித்ததாகச் சொல்லவும்.

குழல்வாய்மொழி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், வழக்கத்தைவிட ஐந்து நாள் முன்னதாகவே குற்றாலத்தில் சாரல் மழை பிடித்துவிட்டது. சுவர் முழுவதும் கரைந்து வாசலில் ஒரே குட்டையாக நிற்கிறதாம். அது மிகவும் சீராகக் கலந்திருக்கிறது என்று இசக்கிப்பாண்டி அண்ணன் சொல்லுகிறார். மாமா, தயவுசெய்து வேறொரு விண்ணப்பத் தாள் உடனே வாங்கி அனுப்பவும். பழையது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அப்பா குற்றாலத்தில் சாரலில் நிற்கிறார்.