மில்லுக்குப் பக்கத்து வீடு

சல்மா உம்மா படுக்கையறைச் சுவரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் தாய் அவர். பெண்ணின் தகப்பன் ஜவுபர், கையில் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கச்சிமுகம்மதின் நெல் மில். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அது ஓடாது. மாப்பிள்ளை வீட்டாரை ஜவுபர் வெள்ளிக்கிழமை பார்த்து அழைத்ததே அதற்காகத்தான்.

"இஞ்ச எப்பவும் இப்படித்தானா தம்பி? ஒரு சத்தத்தயும் காணல்லயே."

"ஓம் ராத்தா. எந்த நேரமும் மையத்து அடக்கின கபுறடி மாதிரித்தான் இரிக்கும்."

சல்மா உம்மாவின் முகம் சுண்டிப்போனது. தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

"புதன்கிழமை இன்னொருக்கா வாறம். வேல நாளிலயும் பாக்கணும்."

அவர் போனதும் ஜவுபர் யோசித்துப் பார்த்தார். மனிசி சுவரில் காது வைத்தது சும்மா இல்லை. யாரோ மில்லைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அட்டாளைச்சேனையில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து, நல்ல சட்டை நாலு போடாமல், ஒற்றை மகள் ஹிமாயாவுக்காக அவர் இந்த வீட்டைக் கட்டினார். காணி ஏன் மலிவு என்று வாங்கும்போது அவருக்கு விளங்கவில்லை. அவர் காணி பார்க்கப் போனதும் ஒரு வெள்ளிக்கிழமை.

இதற்கு முன் இரண்டு இடத்தார் வந்து பார்த்தார்கள். வேலை நாளில் வந்தார்கள். போகும்போது என்னவோ சொன்னார்கள். மில் ஓடிக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவர்கள் வரவில்லை. ஹிமாயாவுக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் ஜவுபருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மகளின் வாழ்வை என் கையாலேயே கல் வைத்து அடைத்துவிட்டேனே என்று தொழுகைப் பாயில் அழுதிருக்கிறார்.

புதன்கிழமைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். பேக்கரிகளில் கேட்டு இருநூறு முட்டை அட்டைகளை வாங்கி வந்து, படுக்கையறைச் சுவர் முழுக்க ஒட்டினார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. எறும்பு கூடியது. ஜன்னலால் வந்த மிச்சச் சத்தத்துக்கு ஜன்னலையே கல் வைத்துக் கட்டினார். இப்போது அறைக்குள் போனால் வெந்து வர வேண்டும்.

"இஞ்சாருங்க, இது புதுமாப்பிள படுக்கிற அறயா, பாண் சுடுற போறணையா?" என்று கேட்டார் மனைவி முஸ்பிறா.

"வேர்த்தா துடைக்கலாம் புள்ள. காதுக்க பூந்த சத்தத்தத் துடைக்க ஏலுமா?"

புதன்கிழமை, மில் ஆட்கள் பகல் சாப்பாட்டுக்கு மில்லை நிறுத்தும் நேரம் பார்த்து ஜவுபர் வரச் சொல்லியிருந்தபடி, சல்மா உம்மா வந்தார். அட்டைகளைப் பார்த்தார்.

"கோழி வளக்கிறயா தம்பி?"

"இல்ல ராத்தா. புது மாதிரி அலங்காரம்."

மறுபடியும் சுவரில் காதை வைத்தார். அட்டை காதில் குத்தியது. கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, நெடுநேரம் நின்றார்.

"தம்பி, அந்த மில் ஓடுதா இல்லயா?"

கேள்வி வந்துவிட்டது. ஜவுபர் தயாராகத்தான் இருந்தார். "எந்த மில்? அதுவா? அது முடிஞ்ச கத ராத்தா. நாலு மூட நெல்லும் வாறல்ல. இண்டைக்கோ நாளைக்கோ இழுத்துப் பூட்டிருவாங்க."

சல்மா உம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பத்து நாளில் முடிவு சொல்கிறோம் என்று சொல்லிப் போய்விட்டார். 

"நம்பல்ல," என்றார் ஜவுபர். "பூட்டிருவாங்க எண்டு வாயால சொல்லிப் பிரயோசனமில்ல. பூட்டிக் காட்டணும்."

"வாப்பா, எனக்கு அந்தச் சத்தம் பழகிட்டு," என்றாள் ஹிமாயா. "அதப் போய்..."

"நீ சும்மா இரி மகள்."

முப்பது வருடக் கந்தோர் அனுபவம் அன்றிரவே மனுவாக இறங்கியது. மூன்று பக்கம். இருதய நோய், பரீட்சைப் பிள்ளைகள், கைக்குழந்தைகள் எல்லாம் அதில் இருந்தன. வீட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை.

சுற்றாடல் கந்தோரிலிருந்து தர்சினி என்ற உத்தியோகத்தர் கையில் ஒரு கருவியோடு வந்தார். மில் ஓடும்போது ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை அளக்க வேண்டும் என்றார். எல்லை வேலியில் கருவியை நீட்டிப் பிடித்தார்.

"பாத்தீங்களா மிஸ், எப்படி இரிக்கெண்டு! மனிசன் இரிக்க ஏலுமா? நீங்களே சொல்லுங்க..."

"சேர், நீங்க கதைச்சா உங்கட சத்தமும் சேந்து விழும்."

ஜவுபர் வாயைப் பொத்திக்கொண்டார். மில்லை ஓடவிட்டு மூன்று தரம் அளந்தார்கள். மூன்று தரமும் கணக்கு எல்லை மீறியே இருந்தது.

"புகைக்குழாய்க்குச் சத்தம் அடக்கி பூட்டி, வேலிப்பக்கம் மதிலும் கட்டுமட்டும் ஓட்டேலாது," என்று எழுதினார் தர்சினி.

"என்ட பேர மட்டும் வெளிய உட்டுராதீங்க மிஸ்."

"மொட்ட மனு எடுக்கிறல்ல சேர். மில்காரர் கேட்டாக் காட்டத்தான் வேணும்."

கச்சிமுகம்மது கேட்கிற ஆள் இல்லை என்று ஜவுபர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

மில் நின்றது. அன்று பின்னேரம் வீட்டில் குருவிச் சத்தம் கேட்டது. ஜவுபர் நடு அறையில் நின்று அதை அனுபவித்தார். அந்தச் சந்தோசம் ஒரு நாள்தான்.

அது வெள்ளாமை வெட்டுக் காலம். அடுத்த நாள் காலை வரிப்பத்தான்சேனையிலிருந்து பதினோரு உழவு இயந்திரம் நெல் மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. மில் பூட்டு. ஒழுங்கையில் திரும்ப இடமில்லை. எல்லாம் ஜவுபரின் வாசலில் வரிசையாக நின்றன. முன்னுக்கு நின்றவர் அப்துல் ஸமட் என்ற விவசாயி.

"எப்ப போவீங்க காக்கா?" என்று கேட்டார் ஜவுபர்.

"மில் தொறந்தாப் போவம். இந்த ஊரில இப்படி அரிசி வேற எங்க குத்துவான்? மனுப் போட்டவன்ட கையில புழுப் பத்த!"

"ஆமீன்," என்றார் ஜவுபர், வேறு வழியில்லாமல்.

ஹோர்ன், ரேடியோ, சண்டை, அடுப்பு. முஸ்பிறா இரண்டு நாளாக ஊருக்கே தேத்தண்ணி ஊற்றினார். மூன்றாம் நாள் ஜவுபர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்சி, அக்கரைப்பற்றுப் பக்கம் வேறு மில் காட்டி அனுப்பி முடித்தபோது, சல்மா உம்மாவின் வான் வாசலில் வந்து நின்றது. இம்முறை மாப்பிள்ளை ஸஜாதும் கூட வந்திருந்தார். கடைசி உழவு இயந்திரம் போவதை இருவரும் தலை திருப்பிப் பார்த்தார்கள்.

வீடு அப்படியொரு அமைதி. ஜவுபருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பாருங்க ராத்தா. ஒரு சத்தம் இரிக்கா?"

சல்மா உம்மாவின் கண் கலங்கியது. "இல்ல தம்பி. கலியாணப் பேச்சக் கொஞ்சம் தள்ளி வைப்பம்."

"வீடு பிடிக்கல்லயா?"

"வீடு பிடிச்சுத்தானே இந்த இடத்தயே கேட்டு வந்த. படுக்கயில கிடந்தே தொழிலப் பாக்கலாம் எண்டு மகன் அப்படி ஆசப்பட்டான். எழுதி முடியுமட்டும் வாய் தொறக்கப்படா, கண்ணூறு பொல்லாது எண்டு நான்தான் மறிச்ச. முற்பணம் குடுத்திட்டதால எழுதியும் முடிஞ்ச. இப்ப கையில இரிந்த தொழிலயும் ஆரோ நிப்பாட்டிப் போட்டாங்க. வருமானமில்லாம உங்கட புள்ளயக் கட்டி என்ன செய்யிற?"

ஸஜாத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கதவு மறைவில் ஹிமாயா அழுவது ஜவுபருக்கு முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்டது. மில் ஓடியிருந்தால் கேட்டிராது.

"எந்தப் பாவி செஞ்ச வேல மகன் இது?" என்றார் ஜவுபர். உண்மையாகவே அவருக்கு இரத்தம் கொதித்தது. "ஆளச் சொல்லுங்க. நான் கேக்கிறன்."

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. தர்சினி ஃபைலோடு உள்ளே வந்தார்.

"மில்லுட புது மொதலாளி ஸஜாத் இஞ்சதான் எண்டாங்க. அட, மனுப் போட்ட ஜவுபர் சேரும் இதே வீட்டிலயா? நல்லதாப் போச்சு, ரெண்டு பேரிட கையெழுத்தயும் ஒரே தரத்தில எடுத்திரலாம்."