மரியாதை தெரிந்த மடிக்கணினி

ஜியான் நிமிர்ந்து உட்கார்ந்தால் திரை கண் கூசும்படி பளிச்சிட்டது, குனிந்தால் மங்கியது. அரைமணி நேரமாக இதே கூத்துதான்.

பத்து மணிக்கு ஜப்பானிலிருந்து தோமிதா வருகிறார். பத்தாயிரம் மடிக்கணினிகளை வாங்குவதா வேண்டாமா என்று இன்று சொல்லிவிடுவார். சுற்றியுள்ள வெளிச்சத்தைப் பார்த்துத் திரை தானாகவே ஒளியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வித்தை ஜியானுடையது. திரையின் உச்சியில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே வெளிச்சத்தை அளக்கும் உணரி. சின்சூ நகரம் முழுக்கத் தேடினாலும் இதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவன் எண்ணம். நிர்வாகமும் அப்படியே நினைத்து, வருடக் கடைசி விருந்தில் அவன் கழுத்தில் ஒரு தங்க நிற மெடலை மாட்டிவிட்டிருந்தது. பதினோரு நாளாகியும் அவன் அதைக் கழற்றவில்லை.

“பெங், நீ வந்து உக்காந்து பாரு.”

பக்கத்து மேசைப் பொறியாளர் பெங் வந்து உட்கார்ந்தாள். திரை சாதுவாக இருந்தது.

“நல்லாத்தானே இருக்கு. உங்களைக் கண்டாத்தான் அதுக்கு ஆகல.”

“பெத்தவன்கிட்டதான் பிள்ளை செல்லம் கொஞ்சும்.”

அறையில் வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்து, எதிர் ஜன்னலின் திரைச்சீலையை முழுதாக விலக்கினான். வெயில் உள்ளே வந்து அவன் மேல் விழுந்தது. இப்போது அவன் மூச்சு விட்டால்கூடத் திரை துள்ளியது.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆ-யுன் அக்கா தலையைத் தூக்கினாள்.

“சார், நான் ஒண்ணு சொல்லட்டா?”

“அக்கா, இது ஒளியியல். நீங்க தரையைப் பாருங்க.”

அவள் தரையைப் பார்த்தாள்.

உணரிக்குச் சுறுசுறுப்புப் பத்தாது என்று நிரலில் கணக்கை மாற்றினான். அது ஒரேயடியாகச் சுறுசுறுப்பாகி, கல்யாண வீட்டுச் சரவிளக்கு மாதிரி மின்னத் தொடங்கியது. அவசரமாகப் பழைய கணக்கையே திருப்பிப் போட்டான். மணி ஒன்பது ஐம்பது.

பெங் தன் இழுப்பறையிலிருந்து பச்சைப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தாள். தேங்காய் வாசனையுள்ள சோளப் பொரி. அதன் பெயருக்குச் ‘சமர்த்து’ என்று அர்த்தம். இயந்திரத்தின் மேல் வைத்தால் அது சமர்த்தாக நடந்துகொள்ளும் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருடைய நம்பிக்கை, ஜியானைத் தவிர.

“தேதி பாத்துட்டேன், காலாவதி ஆகல. பிரிச்சுத் தின்னுடாதீங்க, பலிக்காது.”

“பத்து வருஷமா உங்களைக் கிண்டல் பண்ணினவன் நான்.”

“அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறீங்க.”

ஜியான் யாரும் பார்க்காதபடி பொட்டலத்தைத் திரைக்குப் பின்னால் செருகினான். ஒரு மாற்றமும் இல்லை.

“சார், அந்த ஜன்னல்...” என்று ஆ-யுன் அக்கா மறுபடி ஆரம்பித்தாள்.

“அக்கா, கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அப்புறம்.”

கதவு திறந்தது. தோமிதா வந்து ஜியானுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, உட்கார்ந்தபடியே தலை தாழ்த்தி வணங்கினார். ஜியானும் இடுப்பு வளைய வணங்கினான். திரை மெல்ல மங்கியது. நிமிர்ந்தான். பளிச்சென்றது.

தோமிதாவின் புருவம் ஏறியது. இன்னொரு தடவை வணங்கினார். பதிலுக்கு வணங்காமல் இருக்க முடியுமா? திரை மறுபடி அடக்கமாக மங்கி, மறுபடி மலர்ந்தது.

“இது என்ன, மிஷினும் சேர்ந்து வணங்குது?”

ஜியான் திரையைப் பார்த்தான், தோமிதாவைப் பார்த்தான். பிறகு மூன்று வருட உழைப்பும் ஒன்றாகத் திரண்டு நெஞ்சை நிமிர்த்தியது.

“ஆமாங்க. விருந்தாளிக்கு மரியாதை பண்ணணும்னு நான்தான் அப்படி அமைச்சேன்.”

“முப்பது வருஷமா மிஷின் வாங்கறேன். ஒண்ணுகூட என்னை மதிச்சதில்ல.” தோமிதாவின் கண் கலங்கியது. “பத்தாயிரமும் இதே மாதிரி வணங்கணும். வணங்காத மிஷின் எனக்கு வேண்டாம்.”

அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பெங் வாயைப் பிளந்து நின்றாள். “எப்படிச் செஞ்சீங்க?”

“சொன்னாப் புரியாது. அதெல்லாம் அனுபவம்.” மெடலைச் சட்டை நுனியால் ஒரு முறை துடைத்துவிட்டுக்கொண்டான். அவனுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. “அக்கா, இப்ப சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே.”

ஆ-யுன் அக்கா தரை துடைக்கும் கட்டையைச் சுவரில் சாத்தினாள்.

“காலையிலேர்ந்து அந்த மெடல்தான் ஜன்னல் வெயிலை வாங்கி மிஷின் ஓட்டைக்குள்ள அடிச்சுக்கிட்டிருக்கு, வாங்கப்போற பத்தாயிரம் பேருக்கும் ஆளுக்கு ஒரு மெடல் குடுத்துடுவீங்களா சார்?”