எதிர்வீட்டு மாவு மட்டும் பொங்குகிறது

பொறாமைப்பட உலகத்தில் எத்தனையோ கௌரவமான விஷயங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய புது கார், கூடப் படித்தவனுக்குக் கிடைத்த வெளிநாட்டு வேலை, சகலையின் தலையில் இன்னும் கொட்டாமல் இருக்கும் முடி. நான் பொறாமைப்பட்டது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவின் இட்லி மாவைப் பார்த்து. அதுவும் போகிற போக்கில் அல்ல. தினமும் காலை ஆறரை மணிக்கு, ஜன்னல் திரையை ஒரு விரல் விலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்க. (வேலைக்குப் போன காலத்தில்கூட நான் அவ்வளவு ஒழுங்காக எழுந்ததில்லை.)

மைசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். ஐம்பது வயதில் "இனி எவனுக்கும் சலாம் போட மாட்டேன்" என்று வீராப்பாக முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு, விஜயநகரில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் மாவுக்கடை போட்டேன். கார் தெருவுக்குப் போனது. அதன் இடத்துக்கு இரண்டு கிரைண்டர் வந்தன. சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினேன். அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு, ஊறும் நேரம், ஆட்டும் நேரம், தண்ணீரின் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு நம்பர் போட்டு, "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன்.

"ஏனுங்க, மாவுக்கு எதுக்குங்க கையெழுத்து? அது என்ன பத்திரமா?" என்றாள் என் மனைவி செல்வி. ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மாவு அவள் கை பட்டால் பொங்கும். ஆனால் அது அட்டவணையில் சேராத தகுதி என்பதால் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகை பிறந்தது. மைசூர்க் குளிர் மெதுவாக வந்து மாவின் மேல் உட்கார்ந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு காலையில் அப்படியே கிடந்தது. வைத்த உயரத்தில் ஒரு விரல்கூட ஏறவில்லை.

"வெதுவெதுன்னு தண்ணி விட்டு ஆட்டுங்க. பக்கெட்டக் கொண்டுபோய் வெந்நி அண்டாவுக்குள்ள எறக்கி வெச்சா, வெடியறதுக்குள்ள பொங்கிரும்" என்றாள் செல்வி.

"அட்டவணையில் அப்படி இல்லை" என்றேன்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து முற்றல் என்று தெரிந்ததும் திருப்பிப் போடுவாளே, அந்தப் பார்வை. 

அந்த மாதம்தான் எதிர்வீட்டுப் பார்வதம்மா மாவு விற்க ஆரம்பித்தார். அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கன்னடம், எங்களிடம் கன்னடம் கலந்த தமிழ். கடை என்று ஒன்றும் கிடையாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு எவர்சில்வர் பாத்திரம். போர்டு கிடையாது, நம்பர் கிடையாது, கையெழுத்து கிடையாது. மூடியைத் திறந்தால் மாவு விளிம்புவரை உப்பிக்கொண்டு நிற்கும். எட்டு மணிக்குள் பாத்திரம் காலி. அவர் ஸ்டூலை உள்ளே எடுத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துக் கையசைப்பார். வாய் நிறையச் சிரிப்பு வேறு. கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

என் கடைக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, என்னிடம் நேரம் கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் மாவு வாங்கினார்கள். ஸ்கூட்டர் நிறுத்த என் பக்கம்தான் நிழலாம்.

"சோடா போடறாங்க" என்றேன் செல்வியிடம்.

"போடறதில்லீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றாள். அந்த ஒரு சொல்லை நான் அன்றே பிடித்து விசாரித்திருக்க வேண்டும். பொறாமைக்காரனுக்குக் கண் ஓரிடத்தில் நிலைக்குத்தி நிற்கும். சொந்த வீட்டுப் பக்கம் திரும்பாது.

மார்கழி பாதியில் செல்வி கெடு வைத்தாள். "தை பொறக்கட்டும். அதுக்குள்ள கடை சொந்தக் கால்ல நிக்கலைன்னா, பழைய கம்பெனியில கான்ட்ராக்டுக்குக் கூப்பிடறாங்கல்ல, பேசாமப் போயிருங்க." அங்கே இப்போது மேலாளராக இருப்பவன் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன். அவனை "சார்" என்று கூப்பிட வேண்டும். நினைத்தாலே எனக்கு நெஞ்செரிந்தது.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. எங்கள் பேட்டைப் பூங்காவில் காலை நடை போகிற பெரியவர்கள் சங்கத்துக்கு ஆண்டுவிழா. சனிக்கிழமை சாயங்காலம் இட்லி. சங்கத்துக் காரியதரிசி இரண்டு வீட்டுக்கும் வந்தார். "உங்ககிட்ட பத்து கிலோ, மேடம்கிட்ட பத்து கிலோ. பக்கத்துப் பக்கத்துல ஊத்திப் பாக்கறோம் சார். எது நல்லா இருக்கோ, இனிமே எல்லா மாசமும் அவங்ககிட்டயே." மதியம் இரண்டு மணிக்குள் மாவு போய்ச் சேர வேண்டும்.

வாழ்க்கை ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் கொடுக்கும் என்று நினைத்திருந்தேன். என் மாமனாருக்கு ஒரு கண்ணில் புரை. ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஆகி, கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை காலை கட்டு அவிழ்க்க வேண்டும். கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் நான்.

சனிக்கிழமை காலை பக்கெட் மூடியைத் திறந்தேன். மாவு, பனிக்காலத்துக் குக்கரஹள்ளி ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. தொட்டால் சில்லென்றது. எதிர்வீட்டில் பார்வதம்மா மூடியின் மேல் அம்மிக்குழவியை வைத்துக்கொண்டிருந்தார். மாவு மூடியைத் தூக்கிவிடுகிறதாம், அதற்காக. எனக்குக் கண் இருட்டிவிட்டது.

நான் பயந்துபோனால் என் மூளை படுவேகமாக வேலை செய்யும். சரியாக அல்ல, வேகமாக. மாமனாருக்காகக் காரைத் துடைக்கக் கதவைத் திறந்தேன். காலை வெயிலில் நின்ற காருக்குள்ளிருந்து கதகதவென்று சூடு முகத்தில் அடித்தது. 'அடடா, இது கார் இல்லை, அடுப்பு!' என்று துள்ளினேன். இரண்டு பக்கெட்டையும் பின்சீட்டில் ஏற்றினேன். சிந்தக் கூடாதே என்று மூடிகளைச் சுற்றி, பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை நான்கு சுற்று சுற்றினேன். (தரப் பரிசோதகன் அல்லவா? ஐந்தாவது சுற்றும் சுற்றினேன்.)

செல்வி பார்த்தாள். "ஏனுங்க, மாவ எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"வெயில் காட்ட."

 மாமனாரை முன்சீட்டில் ஏற்றிவிட்டு, தான் பின்னால் இரண்டு பக்கெட்டுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தாள். நான் கவனிக்கவில்லை. என் மனம் முழுக்க அந்த அம்மிக்குழவி.

கண் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஓடிவந்து மரநிழலைக் காட்டினார். "சார், இங்க நிறுத்துங்க, நல்ல நிழல்."

"வேண்டாம். வெயில் எங்கே அதிகம்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்ணு டாக்டர் மட்டும்தான் சார் இங்க" என்றார்.

நடுவெயிலில் நிறுத்தி, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உள்ளே போனேன். டாக்டர் வர நேரமானது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ஓடி, கார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். முதல் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு பக்கெட்டின் மூடி லேசாக மேடு தட்டியது. எனக்குச் சிலிர்த்தது. முதல் பிள்ளை பிறந்தபோதுகூட (மன்னிக்கவும் மகளே) நான் இப்படிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றதில்லை. அப்போதே டேப்பை அறுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் உள்ளே ஒரு குரல், 'எதிர்வீட்டு மாவு விளிம்புவரைதானே பொங்கியது? இது விளிம்புக்கு மேலே பொங்கட்டும்' என்றது. இன்னும் அரை மணி நேரம் விட்டேன்.

திரும்பி வந்தபோது மூடி கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருந்தது. பக்கெட்டின் வயிறும் உப்பியிருந்தது. பதறிக் கதவைத் திறந்து, பின்சீட்டில் ஏறி, இரண்டுக்கும் நடுவில் மண்டியிட்டு, கார் சாவியால் டேப்பைக் கீறினேன். மூன்றாவது சுற்று வரைதான் கீற முடிந்தது. மிச்சத்தை மாவே அறுத்துக்கொண்டது.

'டொப்' என்று மூடி காரின் கூரையில் மோதி என் தலையில் விழுந்தது. அதன் பின்னாலேயே மாவு வந்தது. முகம், கழுத்து, சட்டைக்குள், காதுக்குள். மாவு தெருவில் போய்விடக் கூடாதே என்று (பத்து கிலோ ஆர்டராயிற்றே!) கார்க் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டேன். அந்த அதிர்ச்சியில் இரண்டாவது பக்கெட், நான் தொடாமலேயே, தன் கடமையைச் செய்தது. ஐந்து சுற்றும் அறுந்தன.

காவலாளி கண்ணாடியைத் தட்டினார். "சார்! உயிரோட இருக்கீங்களா சார்?"

கதவைத் திறந்து கீழே இறங்கினேன். தலைமுதல் கால்வரை வெள்ளை. இமையில் ஒரு கட்டி மாவு. சரியாக அந்த நேரம் செல்வி மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. புதுப் பார்வை. கறுப்புக் கண்ணாடியை மெல்ல நெற்றிக்குத் தூக்கி, மனிதர் என் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மிணி" என்றார்.  "திரும்ப டாக்டர்கிட்டப் போலாம் வா. ஆபரேசன் வீணாப் போச்சு. எனக்கு எல்லாம் வெள்ளையாத் தெரியுது."

"அப்பா, கண்ணத் தேய்க்காதீங்க! அது உங்க மாப்ளைங்க."

"மாப்ளயா? எந்த மாப்ள?"

"எனக்கு எத்தனை புருசனுங்கப்பா? ஒண்ணே ஒண்ணு. அதுதான் இது."

மாமனாருக்கு மேலும் ஐந்து நிமிடம் விளக்க வேண்டியிருந்தது. டாக்டரே வெளியே வந்து, "பெரியவரே, கண் நன்றாகத்தான் இருக்கிறது, அவர்தான் அப்படி இருக்கிறார்" என்று சான்று கொடுத்தார். மாமனார் மகளை ஆட்டோ பிடிக்கச் சொன்னார். "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. எனக்குப் புளிப்பு ஆகாது" என்றார் மரியாதையாக.

வீட்டுக்கு வந்தேன். பக்கெட்டுகளின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது, கள்ளு மாதிரி நுரைத்துக்கொண்டு. மணி ஒன்று. ஆர்டர் போயிற்று, கடை போயிற்று, திங்கட்கிழமை அந்தப் பையனை "சார்" என்று கூப்பிட வேண்டும் என்று கார் ஷெட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை தலையில் ஒட்டிக்கொண்டது.

பார்வதம்மா தெருவைத் தாண்டி வந்தார். "அய்யோ தேவரே, ஏனாய்த்து சார்?" என்றார். கடவுளே, என்ன ஆயிற்று என்று கேட்பவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. "எழுந்திருங்க சார், குளிங்க. உங்க பத்து கிலோ நம்ம மனேல ரெடி இருக்கு."

"என் பத்து கிலோவா?"

"தங்கி நேத்தே சொல்லிச்சே, எதுக்கும் ரெண்டு பங்கா ஊறவைங்க அக்கான்னு. காலைல கார்லேர்ந்து போன் பண்ணி, கண்டிப்பா வேணும்னு சொல்லிச்சு." தங்கி என்றால் தங்கை. என் செல்வி.

ஆட்டோவிலிருந்து இறங்கிய செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மெல்ல விளங்க ஆரம்பித்தது. "அப்போ... அந்த மாவு பொங்கற விஷயம்?"

"வெதுவெதுன்னு தண்ணி, வெந்நி அண்டா" என்றார் பார்வதம்மா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "எல்லாம் தங்கி சொல்லிக்கொடுத்ததுதானே சார். உங்களுக்குத் தெரியாதா?"

"உங்ககிட்டதாங்க மொதல்ல சொன்னேன். அட்டவணையில இல்லைன்னீங்க. கேக்கறவங்ககிட்டச் சொன்னேன்" என்றாள் செல்வி.

ஒரு குளிர்காலம் முழுக்க, திரையை விலக்கி விலக்கி, நான் பொறாமைப்பட்டது என் வீட்டு மாவைப் பார்த்து.

சாயங்காலம் விழாவில் இரண்டு அடுப்பு, இரண்டு இட்லிக் கொப்பரை, ஒரே மாவு. பெரியவர்கள் இரண்டு தட்டிலும் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார்கள். காரியதரிசி நெடுநேரம் மென்று, கண்ணை மூடி யோசித்து, என் தோளைத் தட்டினார். "ரெண்டும் நல்லா இருக்கு சார். ஆனா உங்க இட்லி ஒரு சுத்து ஜாஸ்தி சாஃப்ட்."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிர்ப்பக்கம் நின்ற பார்வதம்மாவை ஜெயித்த கண்ணோடு ஒரு பார்வை பார்த்தேன். அவர் மாவை வைத்தே அவரை ஜெயித்த பார்வை. செல்வி என் இடுப்பில் கிள்ளிய பிறகுதான் வாயைத் திறந்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

இப்போது கடை செல்வியும் பார்வதம்மாவும் நடத்துவது. சுவரில் அட்டவணை இல்லை. அந்த இடத்தில் வெந்நீர் அண்டா நிற்கிறது. நான் மாவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், ஸ்கூட்டரில் மட்டும். காரில் இன்றும் ஏசி போட்டால் இட்லிக்கடை வாசனை வரும்.

போன மாதம் மாமனாருக்கு இன்னொரு கண்ணிலும் ஆபரேஷன். கட்டு அவிழ்க்கிற அன்று பார்வதம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அதே டாக்டர் கட்டை எடுத்துவிட்டு, "எப்படித் தெரிகிறது?" என்று கேட்டார். மாமனார் எதிரே நின்ற பார்வதம்மாவைப் பார்த்து, "டீச்சரம்மா பளிச்சுன்னு தெரியறாங்க" என்றார். உடனே சந்தேகம் வந்து கையை உயர்த்தினார். "ஆனாலும் மாப்ளயக் கூட்டியாங்க. அவரு மாவில்லாமத் தெரிஞ்சாத்தான் கண்ணு சரியாச்சுன்னு ஒத்துக்குவேன்."

என்னை முன்னால் தள்ளினார்கள். மாமனார் உற்றுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். நர்ஸ்கள் வரை எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தப் புதுக் கண்ணால் அவர் முதலில் பார்த்தது எதிர்வீட்டு அம்மாவைத்தானே என்று எனக்கு உள்ளே கொஞ்சம் எரிந்தது.