அசையாத காரில் பெண் பார்த்த கதை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சாயந்திரம் ஈப்போ ரயில் ஸ்டேஷன்ல இருந்து மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிட்டு வரணும்.

அக்கா மக மலரைப் பெண் பார்க்க எங்க வீட்டுக்கு தஞ்சோங் மாலிம்ல இருந்து வாராங்க. மாப்பிள்ளைக்கு அங்க கார் ஃபேக்டரியில வேலை. என்கிட்ட புது எலெக்ட்ரிக் கார். சும்மா இருப்பேனா?

"டாக்சி எதுக்கு? நான் இருக்கேன்லா!"

"அவங்க மட்டும் ஸ்டேஷன்ல காத்துக் கிடந்தாங்கன்னா, இந்தச் சம்பந்தம் போச்சு. உன்னையும் தொலைச்சிருவேன்"ன்னு அக்கா சொல்லிட்டாங்க.

ஒரு வாரமா சொந்தக்காரங்களை ஏத்தி புந்தோங் வரைக்கும் ஊர்வலம் விட்டதுல பேட்டரி தரை தட்டியிருந்துச்சு. காலையிலேயே சார்ஜ் போட்டேன். மத்தியானம் பார்த்தா ஏறவே இல்ல!

சார்ஜர் மாட்டினவருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, அது கெட்டிக்காரப் பெட்டி. வீட்டுல கரண்டு அதிகமா இழுத்தா காருக்கு நிறுத்திரும். இல்லாட்டி வீடே டிரிப் ஆகி இருட்டாயிடும்லா!"

உள்ள எட்டிப் பார்த்தேன். மூணு ரூம்லயும் ஏர்கோன் ஜில்லுன்னு ஓடுது. அடுப்படியில ரெண்டு ரைஸ் குக்கர். எலெக்ட்ரிக் அடுப்புல கேசரி. போதாததுக்கு மலர் டிரையர்ல முடியைக் காய வைக்குது!

சத்தம் போடாம ஏர்கோனை எல்லாம் நிறுத்தினேன். கேட்டவங்ககிட்ட, "நம்ம குனோங் ராபாட் ஏரியா முழுக்க வோல்டேஜ் கம்மியாம்"னு புளுகினேன். பெட்டியில பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. நிம்மதியா குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தா வீட்டுல ஆளே இல்ல. எல்லாரும் என் கார்ல! ஏர்கோன் முழு வேகத்துல ஓடுது. மடியில கேசரித் தட்டு.

"உள்ள வேகுதுடா தம்பி. இங்க ஜோரா இருக்கு!"ன்னாங்க அக்கா.

"அக்கா, ஒயரு எங்க?"

"அதுவா? கால் தடுக்குதுன்னு கழட்டிட்டோம்."

எனக்கு அழுகையே வந்துருச்சு. மறுபடியும் சொருகினேன். ஆனா ரயிலு நிக்குமா?

பக்கத்து வீட்டு முத்து அண்ணே காலைப் பிடிக்காத குறையா கெஞ்சி, ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். அவரு காய்கறி வேன்ல, முருங்கைக்காய் மூட்டைக்கு நடுவுல சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் வந்து இறங்குனாங்க. அந்தம்மா தலையில ஒரு கீரைத் தண்டு!

"உள்ள வோல்டேஜ் கம்மிங்க, கார்ல உக்காருங்க"ன்னு அக்கா அழைச்சிட்டாங்க. நான் புளுகினதை நானே எப்படி மறுக்கிறது?

பின் சீட்ல அந்தம்மாவும் மலரும் பேசிக்கிட்டே இருந்தாங்க. குளுகுளுன்னு இருந்ததால இறங்கவே மனசு வரல போல. பெண்ணைப் பிடிச்சுப் போச்சு!

மாப்பிள்ளை சார்ஜர் பெட்டியில எரியுற பச்சை விளக்கைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. "அங்கிள், வோல்டேஜ் நல்லாத்தானே இருக்கு?"ன்னு காதுல கேட்டாரு. அக்காகிட்ட மூச்சு விடல. தங்கமான பையன்!

கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி பேசியாச்சு. முத்து அண்ணே வேன்.