நம்புராஜன் உசுரு விஷயமாக மச்சானுக்கு எழுதியது

நயினார்கோவில்,
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் தங்கத்துரை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கணவன் மருதுபாண்டி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வீட்டில் இருப்பது நானும் சோணையம்மாளும் மட்டும்தான் என்பதால் 'அனைவரும்' என்பதை விட்டுவிட்டேன். 'சுகம்' என்பதையும் விட்டுவிடலாம். தாங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்க நாகநாதர் துணை நிற்கட்டும்.

தாங்கள் போனில் உத்தரவிட்டபடி இன்றுவரை அந்த மன்னிப்புக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னீர்கள். எங்கள் ஒரே பிள்ளை யோகேஸ்வரனைக் கொன்றவனுக்கு அந்த அரபு நாட்டுக் கோர்ட்டு தூக்கு என்று சொல்லிவிட்டது. சமைக்கிற முறை யாருக்கு என்கிற சண்டையில், கூடத் தங்கியிருந்த உப்பூர்ப் பயல் நம்புராஜன் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தான். ஒரே சட்டியில் தின்னவர்கள். இப்போது பெத்தவர்கள் மன்னித்தால் தூக்கு கிடையாது, அதுதான் அங்குள்ள சட்டமாம். மச்சான், பட்டாவுல பேரு மாத்த நாயா அலைஞ்சேன், ஒரு ஆபீசும் என்னை மனுசனா மதிக்கல. இன்னைக்கு என்ன கொழம்புன்னு இந்த வீட்டுல என்னை ஒரு நாளும் கேட்டது கிடையாது. இப்ப ஒருத்தனை விடவா கொல்லவான்னு ஒரு நாடே என்னைக் கேக்குது.

உங்க தங்கச்சிக்கு இதுல சந்தேகமே இல்ல. நம்புராஜன்னு பேரு காதுல விழுந்தாலே வாசல்ல இறங்கி மண்ணை வாரித் தூத்துறா. அந்தப் பேருல கீழத்தெருவுல ஒரு மளிகைக்கடைக்காரர் இருக்காரு, பாவம், அவரு இந்தப் பக்கம் வர்றதையே விட்டுட்டாரு. எனக்குத்தான் யாரையாவது கேக்கணும்போல இருந்துச்சு. அரபு தெரிஞ்சவுக வேணும்னு முதல்ல ஏர்வாடிக்குப் போனேன். அங்கன பொம்பளப் பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதிக் கொடுக்குற ஜுனைதான்னு ஒரு அம்மா இருக்காக. நான் காகிதத்தைத் தலைகீழா நீட்டுனேன், அவுக சிரிக்காம திருப்பி வச்சுப் படிச்சாக. உசுருக்கு உசுரு கேக்குறது உங்க உரிமை, அல்லாஹ் கொடுத்தது, யாரும் குத்தம் சொல்ல முடியாது, மன்னிச்சா அதுக்கு அல்லாஹ்கிட்ட பெரிய கூலி இருக்குன்னாக. நீங்களா இருந்தா என்ன செய்வீகன்னு கேட்டேன். "என் மகன் உசுரோட இருக்கான். நான் என்ன சொன்னாலும் அது வெறும் பேச்சு"ன்னாக.

அப்புறம் நம்ம கருப்பசாமி கோயில் பூசாரி. கையில அருவா வச்சிருக்குற சாமியாச்சே, வெட்டச் சொல்லுவாருன்னு போனேன். அவரு, சாமி வெட்டுனா அது சாமி பாடு, நீ சொல்லி ஒருத்தன் செத்தா அந்தப் பாவம் உன் தலையில விடியும், உன் வம்சத்துலயே வந்து பொறந்து வாட்டுவான்னாரு. எனக்கு இனி ஏது சாமி வம்சம்னு கேட்டேன். திருநீறைக் கையில போட்டுட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டாரு. சரி, சர்ச்சு போதகராவது மன்னிக்கச் சொல்லுவாருன்னு பாத்தா, மன்னிப்பு உங்க மனசுக்குச் சொன்னது, தண்டனை அரசாங்கத்துக்குச் சொன்னது, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கன்னாரு. உள்ளயிருந்து அவரு சம்சாரம், ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சதும் அரசாங்கம்தானேன்னு ஒரு சத்தம் போட்டாக. புருசனும் பொண்டாட்டியும் என்னை மறந்துட்டாக. டீயை அப்பிடியே வச்சுட்டு வந்துட்டேன்.

யாரும் ஒண்ணும் முடிச்சுத் தரல. அதனால, கையெழுத்துப் போட முடியாதுன்னு நேர்லயே சொல்லிட்டு வந்துருவோம்னு உப்பூருக்குப் பஸ் ஏறுனேன். நம்புராஜனோட ஆத்தா கருத்தம்மாள் வாசல்ல கருவாடு காயப்போட்டுக்கிட்டு இருந்துச்சு. யாருன்னு சொன்னேன். எந்திரிச்சு நின்னுச்சு. கால்ல விழுந்து அழும், நான் கல்லு மாதிரி நிக்கணும்னு பஸ்ஸுல பூரா ஒத்திகை பாத்துட்டுப் போயிருந்தேன். அது அழல. எம்மகனை விட்ருங்கன்னு எந்த வாயால கேப்பேன்யா, நான் கேக்க மாட்டேன்னு சொல்லுச்சு. கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "எந்த நாளுன்னு முன்கூட்டிச் சொல்லுவாகளாய்யா? நான் எங்கயாவது சிரிச்சுக்கிட்டு இருக்கையில அது நடந்துரக் கூடாது" அப்பிடின்னுச்சு.

மச்சான், உங்ககிட்ட இதை நான் சொன்னதில்ல. நம்ம பிள்ளை செத்த சேதி வந்தது ரெண்டு நாள் கழிச்சு. அந்த ரெண்டு நாளும் நான் களத்துல மொளகா காயப்போட்டுக்கிட்டு, யோகேசுக்குப் பொண்ணு பாக்குறதைப் பத்திக் கேலி பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அவன் ஐஸ்பெட்டியில கிடந்தப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிட்டேன். அந்தப் பொம்பளை ஒரு பை கருவாடு தர வந்துச்சு, அப்புறம் என்ன நெனச்சுச்சோ, கையைப் பின்னால வச்சுக்கிருச்சு.

ஆகவே, நான் கையெழுத்துப் போடவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டில் சோணையம்மாள் உறுதியாக இருப்பதால் தாங்கள் கவலைப்பட வேண்டாம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். அவர்களை வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மருதுபாண்டி

பின்குறிப்பு: இன்னைக்குத் திங்கக்கிழமை. இதைத் தபால்ல போடுறதுக்குள்ள எல்லாம் மாறிப்போச்சு. நான் மொளகா மூட்டையோட சந்தைக்குப் போயிருந்த நேரத்துல, நான் எங்கெங்க போயி என்ன கேட்டேன்னு எல்லாம் தெரிஞ்ச உங்க தங்கச்சி காகிதத்தை மடியில கட்டிக்கிட்டுத் தனியா ஏர்வாடிக்குப் போயி, ஜுனைதாம்மாவைக் கூட்டிக்கிட்டு ராமநாதபுரத்துல வக்கீல் முன்னால கையெழுத்துப் போட்டுட்டா. பெத்தவுகள்ல ஒருத்தர் மன்னிச்சாலே அந்தச் சட்டத்துக்குப் போதுமாம். மன்னிச்சுட்டியாடின்னு கேட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு, "இல்ல. அவன் சாகணும்னுதான் இன்னும் நெனக்கிறேன். ஆனா நான் சொல்லிச் சாகக் கூடாது"ன்னா.